ஒரே கொட்டையில் முளைத்த இரண்டு மாமரங்கள்

வடுகபட்டி அழகுமலையின் முற்றத்து மாமரம் 1971-லிருந்து, சின்னக்கருப்பு என்ற பெயரை யாராவது சொன்னால் மட்டுமே பூக்கிறது. காய்ப்பதில்லை. அதற்கு முன் அதுவும் எல்லா மரத்தையும் போல் தையில் பூத்துக் காய்த்த மரம்தான். ஒரே கொட்டையில் இரண்டு முளை வந்திருந்தது. ஒன்றை முற்றத்தில் வைத்துக்கொண்டு, மிச்சம்தானே என்று மற்றதைத் தன் பண்ணையாள் சின்னக்கருப்புக்குக் கொடுத்திருந்தார் அழகுமலை. பன்னிரண்டு வருஷம் இரண்டும் ஒரே நாளில் தளிர்த்தன, ஒரே நாளில் பூத்தன. பழத்தின் ருசியிலும் வித்தியாசம் கிடையாது.

1971 மாசியில் கண்மாய்த் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். தன் முறைக்கு முந்தின நாளே அழகுமலை வாய்க்கால் கரையை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டார். கடைமடை காய்ந்தது. ஊர்க்கூட்டம் கேட்டபோது சின்னக்கருப்பைக் கைகாட்டினார். பண்ணையாள் மறுத்துப் பேசினால் எடுபடாது என்று இருவருக்குமே தெரியும். கூட்டத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழச் சொன்னார்கள். விழுந்தார். மறுநாள் முதல் வேலைக்கு வரவில்லை. மரங்களும் அன்றோடு பிரிந்தன. சின்னக்கருப்பு வீட்டில் தைப் பனிக்குப் பூத்தது, இங்கே அவர் பெயருக்குப் பூத்தது. மகள் நிச்சயத்தன்று போடியிலிருந்து வந்த சம்பந்தி, பழைய பண்ணையாளைப் பெயர் சொல்லி விசாரிக்க, ஆவணியில் மரம் கொள்ளாமல் பூத்துப் பந்தி இலைகளில் கொட்டியது. அழகுமலை தலை நிமிராமல் பூவும் சோறுமாகப் பிசைந்து தின்றார்.

விவசாய அதிகாரி சுந்தர்ராஜ் இரண்டு மரத்து இலைகளையும் ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தார். "உள்ள எழுதியிருக்கது ரெண்டுலயும் ஒண்ணுதாண்ணே. எப்பப் பூக்கணும்ங்கிற உத்தரவுதான் வேற வேற பக்கமிருந்து வருது" என்றார்.

1978-இல் சின்னக்கருப்பு செத்துப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அழகுமலை அவர் வீட்டுக்குப் போனார். மனைவி இருளம்மாள் மரத்தடியில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கரைய வெட்டுனது நாந்தான், இருளம்மா."

"மரத்துக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியாதா? அவுக விழுந்தது கூட்டத்துல. நீங்க இங்கன வந்து காதுக்குள்ள சொல்றீகளே அய்யா."

அதன்பின் அழகுமலை எட்டு ஊர்க்கூட்டங்களுக்குப் போனார். ஒவ்வொன்றிலும் சொல்ல எழுந்து, தண்ணீர் முறையைப் பற்றி ஏதோ பேசிவிட்டு உட்கார்ந்தார். 1987-இல் அவரும் போய்விட்டார்.

இப்போது அந்த வீட்டுப் பெண்கள், முற்றம் கூட்டுவதற்கு முன்பே அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லி, அன்றைய பூவைக் கொட்டவைத்துவிடுகிறார்கள். கூட்டி முடித்த பிறகு வேறு யாராவது சொல்லிவிட்டால் இரட்டை வேலை.