வாய் நெளிந்த கோப்பை

துணியைப் பிரித்துப் பார்த்த அராபா ஒருமுறை எண்ணினாள். கண்தான் ஏமாற்றுகிறதோ என்று கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் எண்ணினாள். எட்டுதான் இருந்தது.

நல்ல நீலத் துணி. நடுவில் வாயைப் பிளந்த சீலா மீன், அதைச் சுற்றி மஞ்சளில் கோப்பைகள், ஒவ்வொன்றுக்கும் கீழே வருஷம். செகொண்டி பாராகுடாஸ் கால்பந்து கிளப்புக்கு ஐம்பது வயது ஆகிறது என்று ஆலையில் சொல்லி அச்சடித்தது. மற்ற வருஷமெல்லாம் ஒழுங்காக இருந்தது. 1983 மட்டும் இல்லை.

"மான்சா, என்னடி இது? நம்ம கோப்பையை யாரு முழுங்கினது?"

"நான் துணி விக்கிறவ அக்கா, கோப்பை எண்ணுறவ இல்ல" என்றாள் கடைக்கார மான்சா. "கிளப் தலைவர் கண்ணாடி அலமாரியில இருக்கிறதை எண்ணி எழுதிக் குடுத்தாராம். அலமாரியில எட்டுதானே இருக்கு?"

"ஒன்பதாவது என் அடுப்புல இருக்கு. அது அவருக்குத் தெரியாதா?"

எங்கள் ஊரில் காகிதத்தை யாரும் பெரிதாக நம்புவதில்லை. துணியை நம்புவோம். துணி கல்யாணத்துக்குப் போகும், குழந்தையை முதுகில் கட்டும், கடைசியில் நம்மோடு சவப்பெட்டிக்குள்ளும் வரும். அதில் ஏறாத கோப்பை ஜெயிக்காத கோப்பைதான். இன்னும் முப்பது வருஷம் கழித்து ஒருத்தி இந்தத் துணியை விரித்து, "எண்பத்துமூணுல நாம ஒண்ணும் ஜெயிக்கல போல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

எண்பத்துமூன்றை மறக்கிறதாவது. காடு எரிந்தது, தோட்டம் எரிந்தது, மக்காச்சோளம் கண்ணில் படவில்லை. எல்லோருக்கும் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. 'உன் சங்கிலி நல்லா இருக்கே' என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டோம், அழுவதற்குத் தெம்பில்லாததால். பெட்ரோல் கிடையாது. பாராகுடாஸ் குமாசி அணியோடு இறுதி ஆட்டம் ஆட, சரக்கு ரயிலில் ஏறி குமாசிக்கே போனார்கள். கூடவே அராபாவும் தன் அலுமினியப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அவள் கெங்கே விற்கிறவள். ஊர் முழுக்கச் சுற்றிப் பொறுக்கிய சோளத்தைப் புளிக்கவைத்து, அரைத்து, இலையில் சுற்றி அவித்ததில் பதினோரு உருண்டை தேறியது. ஆளுக்கு ஒன்று. மாற்று ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடித்தார்கள்.

அந்த ஓர் உருண்டையோடு ஆடி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். ஆனால் போட்டி நடத்தியவர்கள் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். நாட்டில் சோப்பே இல்லை, கோப்பைக்கு எங்கே போவார்கள்? பின்னால் அனுப்பிவைக்கிறோம் என்றார்கள். இருபத்தோரு வருஷமாக அது வந்துகொண்டே இருக்கிறது. கேப்டன் கோபினா எஸ்ஸில்ஃபி சுற்றுமுற்றும் பார்த்தார், அராபாவின் காலிப் பானையை வாங்கினார், தலைக்கு மேலே தூக்கினார். மைதானம் அதிர்ந்தது. கோல்கீப்பர் அதை வைத்துக்கொண்டு ஆடினான், கீழே போட்டான், வாய் விளிம்பில் ஓரிடம் நெளிந்தது. ஆட்டம் முழுக்க ஒரு பந்தையும் விடாதவன் பானையை விட்டான்.

ஊர் திரும்பியதும் ரயில்வே பட்டறையில் பானையின்மேல் வருஷத்தைப் பொறித்து, கேப்டன் அதை அவளிடமே கொடுத்தார். "இது நிறையுற அன்னைக்கு எங்களைக் கூப்பிடு" என்றார். அடுத்த அறுவடையில் நிறைந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பருவத்தின் முதல் நாளும் அணி அந்தப் பானையிலிருந்துதான் சாப்பிடுகிறது.

அந்தப் பதினோரு பேரில் இப்போது நான்கு பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள். கேப்டனுக்கு இரண்டு முழங்காலும் போய், பார்வையும் பாதி போய்விட்டது. "ஐம்பதாம் வருஷத் துணியில எனக்கு ஒரு சட்டை தைச்சுக் குடு. அதைப் போட்டுக்கிட்டு மைதானத்துக்கு வரணும், வேற ஆசை இல்ல" என்று அராபாவிடம் கேட்டிருந்தார். எட்டுக் கோப்பைத் துணியை எந்த முகத்தோடு அவரிடம் நீட்டுவது?

நேராகத் தலைவர் பென்ட்சில் வீட்டுக்குப் போனாள். இருபது வருஷம் லண்டனில் இருந்துவிட்டு வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பஸ் வாங்கினார், பார்வையாளர் வரிசைக்குக் கூரை போட்டார். ஆனால் எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார்.

"ஆன்ட்டி அராபா, தராத கோப்பையை நான் எப்படித் துணியில போடறது?"

"ஜெயிச்சோம்ல? ஆட்டம் நடந்துச்சுல்ல?"

"நடந்துச்சு. ஆனா அது பானை. விழாவுக்கு டிவிக்காரன் வருவான். குமாசிக்காரன் பார்த்தா சிரிப்பான்."

"குமாசிக்காரன் அன்னைக்கு அழுதான், நான் பார்த்தேன். நீங்க அந்த வருஷம் எங்க இருந்தீங்க?"

"லண்டன்ல."

"அங்க சாப்பாடு இருந்துச்சா?"

பென்ட்சில், துணியெல்லாம் அச்சாகி வந்துவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவள், கோபத்தைப் பானையைத் தேய்ப்பதில் காட்டினாள். தேய்த்து, கழுவி, முற்றத்து மணலில் கவிழ்த்து வைத்தாள். நீர் வடிந்ததும் எடுத்தாள். மணலில் ஈரமாக ஒரு வட்டம் விழுந்திருந்தது, ஓரிடத்தில் மட்டும் அறுந்து. குமாசியில் நெளிந்த அதே இடம். அராபா உடனே மான்சாவைக் கூப்பிட ஆள் அனுப்பினாள்.

சாவுத்துணிக்குச் சாயம் போடுகிறவர்களிடமிருந்து மான்சா கறுப்புச் சாயம் வாங்கிவந்தாள். தட்டில் ஊற்றி, விளிம்பைத் தோய்த்து, கேப்டனுக்கான துணியின் முதுகுப் பக்கத்தில் பானையை அழுத்தினார்கள். எட்டு மஞ்சள் கோப்பைக்கும் மேலே பெரிதாக ஒரு கறுப்பு வட்டம்.

"சாயம் பட்ட பானையில மறுபடி சமைப்பியா அக்கா?"

"எலுமிச்சையும் மணலும் எதுக்கு இருக்கு? வாயை மூடிக்கிட்டு பிடி."

சட்டையைக் கேப்டன் கையால்தான் பார்த்தார். சாயம் காய்ந்து கொஞ்சம் தடித்திருந்தது. விரல் வட்டத்தோடு போய், அறுந்த இடத்தில் நின்றது.

"நம்ம கோல்கீப்பர் படுபாவி போட்ட இடம்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் துடைக்கவில்லை. பிறகு சொன்னார்: "அராபா, என் ஒருத்தன் முதுகுல மட்டும் இருந்தா கிழவன் புளுகுறான்னுதான் சொல்லுவாங்க."

மறுநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்தில் போய் உட்கார்ந்தார். வேறு எதுவும் செய்யவில்லை. படகு வரும் நேரம், ஊரே அங்கேதான் இருக்கும். எதற்கு இந்த வட்டம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். மாலைக்குள் அராபாவின் முற்றத்தில், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். சந்தையில் நல்ல துணிக்கெல்லாம் ஒரு பெயர் வைப்பார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பசி தோற்ற வருஷம்'.

மூன்றாம் நாள் பென்ட்சில் வந்துவிட்டார். "கிளப் துணியை இப்படிக் கெடுக்கலாமா?"

"கெடுக்கல தலைவரே, மிச்சத்தை அச்சடிக்கிறோம்" என்றாள் வரிசையில் ஒருத்தி.

"யாரு உங்களை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வரிசையில் நான்காவதாக நின்றது அவர் மனைவி. அந்த அம்மாள் அவரைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தாள். அவர் காரை நோக்கி நடந்தார்.

விழா அன்று மைதானம் முழுக்க நீலம். எல்லோர் முதுகிலும் கறுப்பு வட்டம். சொல்லவே நெஞ்சு விம்முகிறது, அப்படி ஒரு காட்சி. வட்டம் இல்லாத சட்டை ஒன்றே ஒன்று, அது தலைவருடையது.

"தலைவரே, உங்க துணி பாதிதான் அச்சாயிருக்கு போல" என்று மேல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

எட்டு ஆட்டக்காரர்கள் எட்டுக் கோப்பைகளோடு மைதானத்தைச் சுற்றினார்கள். ஜனங்கள் ஒவ்வொன்றையும் எண்ணினார்கள். எட்டு என்றதும் மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக நிறுத்தினார்கள். ஒன்பதுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

பென்ட்சில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு மேடையிலிருந்து இறங்கி, அராபா அடுப்பு மூட்டியிருந்த மூலைக்கு வந்தார்.

"ஆன்ட்டி, அந்தச் சாயம் இன்னும் இருக்கா?"

"தீர்ந்துபோச்சு."

"சரி, பானை?"

"இதோ, இறக்கி ஆறவெச்சிருக்கேன். ஆட்டக்காரப் பிள்ளைங்க இன்னும் சாப்பிடல."

அவர் தலைகுனிந்தபடி சொன்னார்: "யாராவது தூக்கிக்கிட்டு சுத்தணுமே."

"குமாசிக்கு நான் தூக்கினேன். எனக்கு இப்போ இடுப்பு வலி" என்றாள் அராபா.

பிறகு அவளே இரக்கப்பட்டு, இடுப்புத் துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி அவர் தலையில் வைத்தாள். அதன்மேல் பானையை ஏற்றினாள். கெங்கே நிறைந்த பானை லேசான பானையா? தலைவர் கழுத்தை இறுக்கிக்கொண்டு, ஓரடி ஓரடியாக நடந்தார். மைதானமே ஒரே குரலில் ஒன்பது என்றது. மேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அராபா வாய்விட்டு அழுதாள், இடுப்பு வலியை மறந்து ஆடவும் ஆடினாள்.

சுற்றி முடித்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கேப்டன் முன்னால் வந்து நின்றார் பென்ட்சில். பானையை இறக்கி, அதன் அடிப்பக்கத்தை நெஞ்சில் சாய்த்துப் பிடித்து, அதன் வாயை அவர் பக்கம் காட்டினார். கேப்டனின் விரல் விளிம்பைத் தடவி நெளிந்த இடத்தைக் கண்டுபிடித்தது. உள்ளேயிருந்து ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டு, போகலாம் என்று தலையசைத்தார்.

பானையைக் கீழே வைத்தபோது தலைவரின் நெஞ்சில், புதுச் சட்டையில், அடுப்புக்கரி வட்டமாக ஒட்டியிருந்தது. அவர் மனைவி பதறிக்கொண்டு கைக்குட்டையோடு வந்தாள்.

பென்ட்சில் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். "இருக்கட்டும்" என்றார்.