காப்புக் கட்டிய ஊரில் ஒரு பட்டாளம்

1

இந்தக் கதை ஒரு பத்திரிகைக் கேள்வியில் பிறந்தது. இரண்டாகக் கிடக்கும் தூரதேசம் ஒன்று நாளை ஒன்றானால், அங்கிருக்கும் அந்நியப் படை தங்கலாமா, போக வேண்டுமா? கீரனூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது படித்தேன். அந்தத் தேசம் எனக்குத் தெரியாது. தெரிந்தது, 1948இல் இந்தியாவோடு சேர்ந்த எங்கள் புதுக்கோட்டைச் சீமைதான். ஆகவே திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் பெயரில்லாத ஓர் ஊரை உண்டாக்கி, அதன் நெற்களத்தில் ஒரு வெளியூர்ப் பட்டாளத்தைக் கூடாரம் அடிக்க வைத்தேன். (கற்பனைதான். சரித்திரத்தில் தேடாதீர்கள்.)

2

"துப்பாக்கிகள் வெயிலில் மின்ன..."

இப்படித் தொடங்க வேண்டாம். அவர்கள் யாரையும் சுடவில்லை. களத்தை அடைத்துக்கொண்டு இருந்தார்கள், அவ்வளவுதான்.

அறுத்த கதிரைப் போட இடமில்லாமல் தவித்தவன் சேவுகன். பட்டாளம் போகவேண்டும் என்று மேலே மனுப் போட்டவனும் அவனே.

"அதான் ஒண்ணாச் சேந்தாச்சே. இன்னும் எதுக்கு இங்கிட்டு அந்நியப் பட்டாளம்?"

"ஒண்ணாச் சேந்த பெறகு அவுக எப்படி அந்நியம்?" என்றாள் அவன் மனைவி மூக்காயி.

"ஒனக்கு என்னடி அவுக மேல இம்புட்டுப் பரிவு?"

"அந்த வெங்கையா எனக்குத் தண்ணிக் கொடத்தத் தூக்கிவிட்டாரு. நீங்க ஒரு நாளாவது தூக்கிவிட்டிருக்கீங்களா?"

வெங்கையா தெலுங்குச் சிப்பாய். சொந்த ஊரில் பிறந்த குழந்தையை அவன் இன்னும் பார்க்கவில்லை.

[சேவுகனை முதலில் கெட்டவனாக எழுதினேன். மனம் கேட்கவில்லை. அந்த வரிகளை அடித்துவிட்டேன்.]

3

பங்குனியில் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை ஊரில் இருப்பவர் யாரும் வேறு ஊரில் இராத்தங்கக் கூடாது. அதனால் முன்பே தமுக்கடித்து வெளியூர்க்காரர்களைக் கிளம்பச் சொல்வது வழக்கம். வீடு வீடாகச் சொன்னார்கள். களத்துக்கு மட்டும் யாரும் போகவில்லை. பட்டாளத்தை ஊராராகவும் நினைக்கவில்லை, விருந்தாளியாகவும் நினைக்கவில்லை.

அந்த வருஷம் ஊருக்காகக் கையில் காப்பு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவன் சேவுகன்.

மறுநாள் லாரி வந்தது. மனு பலித்துவிட்டது. பட்டாளம் கிளம்ப உத்தரவு.

பூசாரி ஐயனார் ஓடிவந்து மறித்தார். "காப்புக் கட்டின ராத்திரி அவுக இங்கதான் படுத்திருந்தாக. இப்பப் போனா ஊருக்கு ஆகாது."

"அவுகதான் நம்ம ஊரு இல்லையே," என்றான் சேவுகன்.

"அதக் கையில கயித்தோட ஆத்தாகிட்ட நீயே சொல்லு."

பட்டாளத்துத் தலைவர் சாமிக்குப் பயந்தவர். "மனுக் கொடுத்தவரே சொல்லட்டும். நிற்கச் சொன்னால், விழா முடிகிறவரை நிற்க அனுமதி கேட்கிறேன்."

வெங்கையா பையைத் தோளில் மாட்டியிருந்தான். "அண்ணா, நான் பிள்ளையப் பாக்கணும்."

4

ஒரு முடிவு: பட்டாளம் போகிறது, திருவிழாவில் ஏதோ கேடு வருகிறது. எழுத மாட்டேன். பிள்ளையைப் பார்க்கப் போகிறவனுக்காக அம்மன் ஊரைத் தண்டிப்பாள் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று: பட்டாளம் தங்குகிறது, எல்லோரும் ஒன்றாகக் கூழ் குடிக்கிறார்கள். எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் எல்லோரும் அந்தக் கூழைக் குடிக்க, அப்பனுக்காகக் காத்துக்கிடப்பது வெங்கையாவின் குழந்தை. அவன் போய்விட்டாலோ, கேடு வராவிட்டாலும் ஊர் இரவெல்லாம் பயந்து விழித்திருக்கும் என்பதும்...

இத்தோடு நிறுத்துகிறேன்.

மூக்காயி வாழையிலைப் பொட்டலத்தோடு வந்து அதை வெங்கையாவின் கையில் வைக்கிறாள். எங்கள் பக்கத்தில் பயணம் போகிறவருக்குப் புளிச்சோறு கட்டுவோம். தங்குகிறவருக்கு ரசஞ்சோறுதான்.

லாரி உறுமிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் சேவுகனின் வாயைப் பார்க்கிறார்கள். சேவுகன் பொட்டலத்தைப் பார்க்கிறான்.

நான் அவள் அடுப்படிக்குள் போகவில்லை. நீங்களே பிரித்துப் பாருங்கள்.