பிணந்தின்னிகளின் பாஷை

இல்லாத மொழிகளை உண்டாக்குவதுதான் அவர் பிழைப்பு. படங்களில் பூதங்களும் வேற்றுக்கிரகத்தாரும் என்ன பேச வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்வார். ஸ்டுடியோவில் அவரை 'பிரம்மா' என்பார்கள். கேலிதான். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் உண்டாக்கும் ஒவ்வொரு சொல்லையும் கணினியில் போட்டுப் பார்ப்பார்கள். உலகத்தில் ஏதாவது ஒரு மொழியின் சாயல் தெரிந்தால் தூக்கிவிடுவார்கள். புதுத் தொடரின் பிணந்தின்னிகளுக்காக அவர் கட்டிய மொழியில் ஒரு சொல்கூடத் தள்ளுபடி ஆகவில்லை. பிரம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தொடர் ஒளிபரப்பான அன்று மனைவியையும் நாலு வயது மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை பார்க்கிற சமாசாரமா அது? அப்பாவின் பெருமையைப் பார்க்கட்டுமே என்று ஓர் ஆசை. திரையில் ஒரு பிணந்தின்னி, "நுமேலா!" என்று உறுமிக்கொண்டு ஒருவன் கழுத்தைக் கடித்தது. மனைவி பேயறைந்தவள்போல் ஆனாள்.

"இது எங்க பாஷைங்க," என்றாள். "தூங்க வா கண்ணுன்னு அர்த்தம். எங்கம்மா எங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்க."

திருடவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். அது பொய்யும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் தன் அக்காவோடு போனில் பேசுவதெல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஒரு வார்த்தைக்காவது என்ன அர்த்தம் என்று மனுஷன் கேட்டதில்லை. கேட்டும் கேட்காமலும் உள்ளே போனதெல்லாம் கற்பனை என்ற பெயரில் வெளியே வந்திருந்தது. நாலைந்து ஊர்களில் மட்டும் பேசுகிற, எழுத்தே இல்லாத மொழி. கணினி அதை எங்கே கண்டது?

மகள் பிறந்தபோது, இரண்டு பாஷை பேசினால் பிள்ளை குழம்பிப்போகும், என்னுடையதே போதும் என்று சொன்னவரும் இவர்தான். அவள் விட்டுக்கொடுத்தாள். அதை இப்போது நினைக்க அவருக்கு அவமானமாக இருந்தது.

அந்த மொழியை மாற்றிவிடலாம் என்று மறுநாள் இயக்குநரிடம் கெஞ்சிப் பார்த்தார். குரல் பதிவெல்லாம் முடிந்தாயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது, பேசாமல் இருங்கள் என்றுவிட்டார் அவர். வீட்டுக்கு வந்தவர் மனைவி முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

"பாப்பாகிட்ட இனிமே உன் பாஷையிலயே பேசும்மா. நானும் கத்துக்கறேன்."

அவள் சாப்பாடு முடிந்ததும் படுக்கையை விரித்தாள். இரண்டு கைகளையும் நீட்டி, கூச்சத்தோடு, மெல்லிய குரலில், "நுமேலா," என்று மகளைக் கூப்பிட்டாள்.

குழந்தை அம்மாவையே பார்த்தது. பிறகு வீரிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது.