மாமனார் எழுத்தும் வாசல் நாற்காலியும்

எங்கள் கிடங்கின் வாசலில் ஒரு நாற்காலி இருக்கிறது. முதுகு சாய்த்து உட்காரலாம். லாரி வந்தால் ஓட்டுநர் நீட்டும் சீட்டைப் படித்து, இன்ன சரக்கு, இன்ன வரிசை என்று குரல் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அதில் உட்கார்ந்திருந்தவர் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அதன் மேல் ஒரு கண். கண் மட்டுமா, இடுப்பும்தான். கழிப்பறைக் கோப்பையும் கைகழுவும் தொட்டியுமாகத் தூக்கித் தூக்கி, பெட்டியைப் பார்த்தாலே என் இடுப்பு அழ ஆரம்பித்துவிடும்.

சீட்டெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அதற்காகவே தலை நரைத்த பிறகு மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. கத்தி என்பதற்கு அவர்கள் எழுதும் சொல்லின் முன்னால் ஒரு எழுத்து நிற்கும், வாயே திறக்காது.

"அது எதுக்கு சார் அங்க நிக்குது?" என்றேன்.

"அது அப்படித்தான்" என்றார் வாத்தியார்.

பிறகு எனக்கே புரிந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா மாதிரி. ஒரு வேலையும் செய்யமாட்டார், ஆனால் அவரை விட்டுவிட்டால் சண்டை வரும். இந்தச் சூட்சுமம் பிடிபட்டதும் படிப்பு கொஞ்சம் இறங்கியது. முதலாளியும் என் தோளைத் தட்டி, "அடுத்து நீதான்பா" என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய மாமனார் வந்து இறங்கினார்.

அவர் கண் டாக்டராக இருந்தவர். ஆயுசெல்லாம் நோயாளிகளுக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக் காட்டி, எழுத்துகள் மேலேயே கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஆங்கிலத்துக்கென்று புது எழுத்துகளை உண்டாக்கியிருந்தார். ஒரு சத்தத்துக்கு ஒரு எழுத்து. சத்தம் இல்லாத எழுத்துக்கு இடமே கிடையாது.

"சும்மா நிக்கிற எழுத்தெல்லாம் சோம்பேறிங்க. ஒருத்தனை விடாம விரட்டிட்டேன். இனிமே பாத்த உடனே புரியும்!" என்றார்.

உலகம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. மருமகனின் கிடங்கு அகப்பட்டது. ஒரே வாரத்தில் வரிசைகளின் மேல் தொங்கிய பழைய பலகைகள் இறங்கி, புது எழுத்துப் பலகைகள் ஏறின.

"வீட்ல நிம்மதி வேணும்பா" என்றார் முதலாளி, எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

பலகையைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் மாமனார் என்பதால் நாற்காலியும் அவருக்கே போயிற்று. நான் பழையபடி கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் சொல்லி அழுதேன். என் மனைவி கீரையை ஆய்ந்துகொண்டே, "அதையும் படிச்சுத் தொலைங்க. எழுத்து தெரியாம முழிக்கிறது உங்களுக்கு என்ன புதுசா?" என்றாள்.

மாமனார் எல்லாருக்கும் ஆளுக்கொரு எழுத்து அட்டை கொடுத்திருந்தார். மற்றவர்கள் அதை விசிறியாக்கினார்கள். நான் படித்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், சுகமான எழுத்து. அடியே வாங்காமல் படித்த மாதிரி இருந்தது. எல்லாப் பலகையும் வாய்க்கு வந்ததும், முதலாளியிடம் ஒருநாள் மடமடவென்று வாசித்துக் காட்டி நாற்காலியைக் கேட்பதாகத் திட்டம். அதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ள, பட்டி கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தேன்.

திரும்பி வந்தபோது கிடங்கு சந்தைக்கடையாக இருந்தது. நான் இல்லாத நாளில், மாமனார் சாப்பிடப் போன நேரத்தில் பெரிய சரக்கு வந்திருக்கிறது. நம் ஆட்கள் பலகையைப் பார்த்து இறக்கிவிட்டார்கள். கோப்பைகள் எல்லாம் குழாய் வரிசையில். குழாய்கள் எல்லாம் கண்ணாடி வரிசையில்.

"யாருய்யா இங்க கோப்பையை அடுக்கினது?" மாமனார் குதித்துக்கொண்டிருந்தார்.

எங்களில் உயரமானவன், ஒட்டகம் என்று கூப்பிடுவோம், நிதானமாக மேலே கையைக் காட்டினான். "அங்க கோப்பை போட்டிருக்கே ஐயா. பக்கவாட்டுல பாருங்க, தண்ணித் தொட்டியோட அப்படியே இருக்கு."

"அது எழுத்துடா! சத்தம்!"

"கோப்பைக்கும் சத்தம் உண்டுதானுங்களே."

"அப்ப இது?"

"அது குழாய். சொட்டுகூடப் போட்டிருக்கீங்க."

"அது புள்ளி!"

"பாத்த உடனே புரியும்னு நீங்கதானே சொன்னீங்க? பாத்தோம், புரிஞ்சுது."

மாமனார் எல்லாவற்றையும் மாற்றி அடுக்கச் சொன்னார். மேஸ்திரி கோப்பை மலையை ஒருமுறை பார்த்தார், பலகையை ஒருமுறை பார்த்தார். எது கனம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. "ஒவ்வொரு லாரிக்கும் இதைத் தூக்கித் தூக்கி மாத்த முடியாது. பசங்க கண்ணுக்கு எது எப்படித் தெரியுதோ, அப்படியே பலகையை மாத்திடுவோம். ஏணியைக் கொண்டாங்கடா" என்றார். மிச்சமிருந்த கோப்பைகள் நின்ற வரிசைக்குக் கோப்பைப் படம் போனது. குழாய்க்குக் குழாய்ப் படம். சிதறிக் கிடந்ததும் அந்தந்தப் படத்துக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து ஒரு பெட்டிகூட இடம் மாறவில்லை. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் நாற்காலிக்கு நேர் எதிரே கோப்பைகள். அவற்றின் தலைக்கு மேலே, மாமனாரின் எழுத்தில், 'குழாய்'. மனிதர் எத்தனை நேரம் தாங்குவார்? கண்ணை மூடிப் பார்த்தார், திரும்பி உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள், "மாப்ள, என்னால முடியாது" என்று எழுந்துவிட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். மடமடவென்று வாசிக்க நாக்கு தயாராக நின்றது.

"உனக்கு சீட்டு படிக்கத் தெரியும். அது போதும். அந்தப் பலகை எழுத்து தெரியுமா உனக்கு?"

வாயைத் திறந்தேன்.

"தெரியும்னா வேண்டாம்பா. மாமா மாதிரி நாளெல்லாம் புலம்புற ஆளை இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது."

"சேச்சே" என்றேன். "பழைய எழுத்தே எனக்கு முக்கி முனகித்தானுங்க வந்துச்சு."

இத்தனை பாடுபட்டுப் படித்தவன், படிக்கத் தெரியாது என்று சொல்லி வேலை வாங்கினேன். மனைவி கேட்டுவிட்டுக் கீரையைக் கீழே வைத்துச் சிரித்தாள்.

நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது. இடுப்பு என்னை மன்னித்துவிட்டது. எதிரே பார்க்கும்போதுதான், கால்விரலில் முள் ஏறின மாதிரி. படிக்காதே என்றால் கண் கேட்கிறதா?

நேற்று மாமனார் வாசல் வழியாகப் போனார். சட்டென்று நின்றார். தானாக அசைந்துகொண்டிருந்த என் உதட்டையே பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்ன சொல்வது!

"டேய்... நீ படிக்கிற!"

"மெதுவா ஐயா" என்று அலுவலக அறையை ஓரக்கண்ணால் பார்த்தேன். "நான் அந்தக் கத்திக்கு முன்னால நிக்கிற எழுத்து. இருப்பேன், சத்தம் வராது."

"அதைத்தான்டா நான் விரட்டினேன்!"

"இப்ப விரட்டிடாதீங்க ஐயா. இப்பதான் உக்காந்திருக்கேன்."