கியர் பக்கம் ஒரு சத்தம்

ஒன்பதாவது காரையும் நான் பிரித்துப் பார்க்கச் சொல்லி ரீவொர்க்குக்கு எழுதி அனுப்பியபோது காலை டீகூட வந்திருக்கவில்லை. ஒன்பதுக்கும் ஒரே புகார்தான். கியர் பக்கம், விட்டு விட்டு, டக் சத்தம். வழக்கமாக ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓட்டினாலும் இரண்டு வண்டிக்கு மேல் எழுத மாட்டேன். அன்றைக்கு லைனில் யாரோ தூங்கிக்கொண்டே ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் திட்டினேன்.

ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் எனக்குச் சத்தம் கேட்கிற வேலை. லைனிலிருந்து இறங்கும் புதுக் காரை, உள்ளேயே இருக்கும் டெஸ்ட் டிராக்குக்கு ஓட்டிப் போக வேண்டும். கண்ணாடியை ஏற்றி, ஏசியை அணைத்து, வேண்டுமென்றே மேடும் பள்ளமுமாகப் போட்ட ரோட்டில் மெதுவாக உருட்ட வேண்டும். எங்காவது ஒரு கீச், ஒரு கடகட கேட்டால் கையிலிருக்கும் டேப்லெட்டில் எழுத வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. சீட்டுக்கு அடியில் உருளும் வாஷர் என்ன சைஸ் என்பது வரைக்கும் சொல்லியிருக்கிறேன். கொம்பையாவுக்குப் பாம்புச் செவி என்று ஷிஃப்டே பேசும். பேசும்போது நானும் வேண்டாம் என்று தடுத்ததில்லை.

ஐந்து வாரம் முன்புதான் எனக்கு அபிலேஷன் நடந்தது. லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு நிமிடத்துக்கு நூற்றுத்தொண்ணூறு அடிக்கும் கோளாறு. தொடை வழியாக வயரை இதயம் வரைக்கும் ஏற்றி, கரண்ட் தப்பாகப் பாயும் இடத்தைச் சுட்டுவிட்டார்கள். ஓட்டம் நின்றது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "நடுநடுவுல ஒரு துடிப்பு தப்பின மாதிரி இருக்கும். சுட்ட இடம் ஆறுற வரைக்கும் அப்படித்தான். மயக்கமோ, மறுபடி வேகமோ வந்தா மட்டும் ஓடி வாங்க. மத்தபடி கண்டுக்காதீங்க" என்றார். சின்னச் சத்தத்தைக் கண்டுகொள்வதற்கென்றே மாதச் சம்பளம் வாங்குகிறவனிடம் இதைச் சொல்கிறோம் என்று பாவம், அவருக்குத் தெரியாது.

தப்புவது எப்படி என்றால், முதலில் அவசரமாக ஒரு சின்ன டக். பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு கதவை அறைந்து சாத்துவதுபோல ஒரு பெரிய அடி. நடுவில் அந்த ஒன்றுமில்லாத இடம் ஒரு நொடிதான் இருக்கும். அதற்குள் நான் செத்து, ஊருக்குத் தகவல் போய், சங்கரன்கோவிலில் மாமனார் பஸ் ஏறிவிடுவார். பெரிய அடி விழுந்ததும் பாதி வழியில் இறங்கித் திரும்புவார். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை அந்த மனிதரை இப்படி அலைய வைத்துக்கொண்டிருந்தேன்.

டீ வந்த நேரத்தில் பாபு வந்தான். மணிமங்கலத்துக்காரன், ரீவொர்க்கில் வண்டியைப் பிரிக்கிறவன். கை முழுக்கக் கிரீஸ்.

"இன்னா தலைவா, ஒன்பது வண்டியும் கியர சுத்தி கீற பிளாஸ்டிக் பொட்டிய கழட்டி மாட்டியாச்சு. உள்ள ஒண்ணியும் இல்ல. ஒரு ஸ்க்ரூ கூட லூசு கெடையாது."

"எனக்கு நல்லாக் கேக்குல்லா. நீ வேணும்னா கூட வந்து உக்காந்து பாரு."

பத்தாவது வண்டியில் இடது சீட்டில் ஏறிக்கொண்டான். மேடு பள்ளத்தில் உருட்டினேன். டக்.

"இந்தா, இப்பம்!"

"எங்க? எனக்குக் கேக்கலியே."

"இன்ஜின் சத்தத்துல உனக்குப் பிடிபடல" என்று வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினையும் அணைத்தேன். ஒரே அமைதி. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கியரையே பார்த்தோம். டக்.

"கேட்டுச்சா?" என்றேன்.

பாபு என் முகத்தைப் பார்த்தான். கியரைப் பார்த்தான். மறுபடி என் முகத்துக்கு வந்தான்.

"தலைவா, வண்டி நின்னுகினு கீது."

ஓட்டுகிறவன் வலப்பக்கம் உட்கார்ந்தால் அவன் இடது நெஞ்சு கியர் பக்கம்தான் இருக்கும் என்பது பதினோரு வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மதியத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர்கூட, "கியர் பக்கம் இப்ப எப்படிண்ணே இருக்கு?" என்று நலம் விசாரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? ஷிஃப்ட் இன்சார்ஜ் வசந்தகுமார் மட்டும் சிரிக்கவில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல பிள்ளை.

"அண்ணே, உங்க காதை நான் சந்தேகப்படல. ஆனா ஒன்பது வண்டிய சும்மா பிரிச்சிருக்கோம். ஒரு வாரம் பாப்போம். இனிமே நீங்க எழுதுற சத்தம் இன்னொருத்தருக்கும் கேட்டாத்தான் ரீவொர்க். சரிவரலேன்னா யார்டுக்கு மாத்திடுறேன். ரெஸ்ட் மாதிரி இருக்கும்."

யார்டு என்றால் வெயிலில் வரிசையாக நிற்கும் கார்களின் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவது. அதற்குக் காது தேவையில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இந்தக் காதுதான். அதை வைத்துத்தான் இந்த ஊரில் என்னை ஒரு ஆளாக மதிக்கிறார்கள். நெஞ்சைச் சுட்டபோதுகூட அவ்வளவு பயமில்லை, அப்போது மயக்கத்தில் இருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அன்னக்கிளியைக் கூப்பிட்டு என் நெஞ்சில் காதை வைக்கச் சொன்னேன். ஐந்து வாரமாகத் தினமும் நடக்கும் பூசை இது.

"குக்கர்ல விசில் எண்ணிக்கிட்டு இருக்கேன். இப்பம் என்னத்தக் கேக்கச் சொல்லுதிய?" என்று சலித்துக்கொண்டே வந்து காதை வைத்தாள். "நல்லாத்தான அடிக்கு."

"இந்தா, ஒண்ணு விட்டுச்சு பாரு!"

"விட்டா என்ன, அடுத்தது வந்துட்டுல்லா" என்றாள். அதற்குள் குக்கர் ஊத, எழுந்து ஓடினாள். போகும்போது, "மூணா நாலான்னு தெரியலியே, இன்னைக்கு சோறு குழையப் போகுது" என்றது மட்டும் கேட்டது.

எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஆனால் பதினோரு வருடத் தொழில் புத்தி எங்கேயோ விழித்துக்கொண்டது. என் டக்குக்குப் பின்னால் எப்போதும் ஓர் இடைவெளி உண்டு, அதன் பிறகு பெரிய அடி. காரின் டக்குக்கு இந்த நாடகமெல்லாம் கிடையாது. மேட்டில் ஏறினால் அடிக்கும், இறங்கினால் பேசாமல் இருக்கும். இந்த வித்தியாசத்தை ஒரு புது ஆளுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஐந்து வாரம் ஆகியிருக்கிறது.

தெரிந்தும் அடுத்த மூன்று நாள் ஒரு வண்டியைக்கூட எழுதவில்லை. எது கேட்டாலும், நெஞ்சாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். விட்டதில் எது உண்மையான சத்தமோ, யாருடைய காசில் வாங்கிய கார் எந்த ரோட்டில் கடகடத்துக்கொண்டு போகப் போகிறதோ என்ற கவலை வேறு சேர்ந்துகொண்டது. மாமனாரின் பஸ் பயணங்கள் கூடின.

வெள்ளிக்கிழமை ஒரு வெள்ளைக் கார். மூன்றாவது மேட்டில் ஏறும்போது கியர் பக்கம் டக். மாமனார் பஸ் ஏறக் காத்திருந்தேன். இடைவெளி வரவில்லை. பெரிய அடியும் வரவில்லை. ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்து, அந்த மணிக்கட்டிலேயே மறு கையின் இரண்டு விரலை வைத்தபடி நடை வேகத்தில் திரும்பவும் ஏறினேன். நாடி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, மேட்டில் டக். ஐந்து தடவை ஏறினேன். ஐந்து தடவையும் நாடி ஒரு பக்கம், டக் ஒரு பக்கம்.

பாபுவை ஏற்றிக் காட்டினேன். ஸ்க்ரூ முடுக்கும் காற்றுத் துப்பாக்கியின் இரைச்சலில் ஒன்பது வருடம் வேலை பார்த்த காது அவனுக்கு. "மன்னிச்சிக்க தலைவா, எனக்கு ஒண்ணியும் கேக்கல" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னான். வசந்தகுமார் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் கேட்கவில்லை.

"விதிப்படி இத பிரிக்காம வெளிய அனுப்பணும்ணே."

"பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க சார்."

"உள்ள ஒண்ணும் இல்லேன்னா?"

"திங்கக்கிழமையே யார்டுக்குப் போயிருதேன்."

ரீவொர்க்கில் விஷயம் பரவி ஏழெட்டுப் பேர் காரைச் சுற்றி நின்றார்கள். பாபு கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, கியரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்தான். டார்ச் அடித்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டான். துழாவிக்கொண்டிருந்த தோள் ஓரிடத்தில் அசையாமல் நின்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே சாய்ந்து, கையை மெதுவாக வெளியே எடுத்தான். முஷ்டி மூடியிருந்தது.

"தலைவா, இங்க வா" என்றான்.

அந்த நேரம் பார்த்து என் நெஞ்சில் ஒன்று தப்பியது. அடுத்தது வந்ததா என்று நான் கவனிக்கவில்லை. கிரீஸ் படிந்த அந்த மூடிய கையையே பார்த்தபடி குனிந்துகொண்டிருந்தேன்.