வெறும் வயிற்றில் வா, ஹனீஃப்

பத்து பெரண்டாம் என்கிற ஊரில் உள்ள எங்கள் கல்லூரிக்கு ஒரு காற்பந்து அணி இருந்தது என்று சொன்னால் இப்போது அங்கே படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்னால் தனியார் கல்லூரிகளுக்கான போட்டியில் நாங்கள் இறுதி ஆட்டம் வரைக்கும் போனோம். அதற்கு முன்பெல்லாம் எங்களோடு ஆட மற்றக் கல்லூரிகள் தங்கள் இரண்டாம் அணியைத்தான் அனுப்பும். அந்த லட்சணத்தில் இருந்த அணி அது.

இறுதி ஆட்டம் வரைக்கும் போனதற்குக் காரணம் எங்கள் கீப்பர் ஹனீஃப். டவுனில் அவன் அத்தாவுக்குத் துணிக்கடை. ஆள் ஒல்லி, கை மட்டும் நீளம். அரையிறுதியில் பெனால்டியைத் தடுத்து எங்களைக் கரையேற்றியவன் அவன்தான். கேப்டன் கோகுலராஜ் ரெம்பியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். பேச்சு அதிகம், கோல் குறைவு. நான் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஓடினேன்.

நிர்வாகம் அந்த வருடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டது: கோப்பை வந்தால் அணி இருக்கும், வராவிட்டால் அடுத்த வருடம் அணி கிடையாது. ஒரு பந்தைக்கூட உதைத்துப் பார்க்காதவர்கள் எடுத்த முடிவு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மழையால் தள்ளித் தள்ளிப் போய், இறுதி ஆட்டம் நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது. திடலில் விளக்கு இல்லை என்பதால் சாயங்காலமே ஆட்டம். நோன்பு திறப்பதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். முடியவில்லை. கூடுதல் நேரம் ஆடியும் சமநிலைதான். பெனால்டிக்கு வரிசையில் நின்றபோது பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நடுவரும் நோன்பாளி, எதிரணியில் பாதிப் பேரும் நோன்பாளி. முதலில் சாப்பிடுங்கள் என்று நடுவர் கையைக் காட்டினார். இரண்டு அணியும் புல்லில் உட்கார்ந்தோம்.

அங்கேதான் நாங்கள் கெட்டோம். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் எங்களுக்காகப் பாய்ந்து விழுந்த ஹனீஃபுக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று ஒவ்வொருவனும் வீட்டில் சொல்லியிருக்கிறான். ஒருத்தனும் இன்னொருத்தனிடம் சொல்லவில்லை.

"ரெண்டு பேரீச்சம்பழம், தண்ணி. போதும்டா," என்றான் ஹனீஃப்.

"போதும்லாம் சொல்லாத லா. எங்கம்மா உனக்குன்னே சுட்டாங்க," என்று நான் பருப்பு வடையை நீட்டினேன்.

"ரெம்பியாலேர்ந்து இதுக்குன்னே வாங்கியாந்தேன். ஐஸ் கரையுது, குடி," என்று கோகுல் செண்டோலைத் திணித்தான்.

ஒருத்தன் கறிபாப் கொடுத்தான், ஒருத்தன் நாசி லெமாக் சோறு. ஹனீஃபுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஒருத்தன் கொடுத்ததைச் சாப்பிட்டு இன்னொருத்தன் கொடுத்ததை விட்டால் மனசு கஷ்டப்படுமே என்று எல்லாவற்றையும் சாப்பிட்டான். எதிரணி கீப்பர் ஒரு பேரீச்சம்பழத்தோடு எழுந்துவிட்டான்.

தொழுகிறவர்கள் தொழுது முடித்ததும், மோட்டார்களை நிறுத்தி விளக்கைக் கோல் கம்பத்தின் மேல் அடித்துக்கொண்டு பெனால்டியை ஆரம்பித்தோம். கடைசியாக வந்த பந்து ஒன்றும் பிரமாதமில்லை. வேறொரு நாள் என்றால் ஹனீஃப் கொட்டாவி விட்டுக்கொண்டே பிடித்திருப்பான். அன்றைக்கு அவன் பாயவில்லை. வாழைத்தார் சாய்கிற மாதிரி சாய்ந்தான். பந்து அவன் கையைத் தாண்டி மெதுவாக உள்ளே போனது.

"மன்னிச்சிருங்கடா," என்றான். கையுறையைக் கழற்றிக் கம்பத்தடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வருடம் அணி இல்லை. ஹனீஃபும் இல்லை. போனை எடுக்கவில்லை, வாட்ஸ்அப் குழுவை விட்டும் போய்விட்டான். அணி போனதைவிட எனக்கு அதுதான் வலித்தது. ஊட்டிவிட்டது நாங்கள், குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றது அவன்.

நான் இப்போது சுங்கை ஊடாங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஜொகூரிலிருந்து கோகுல் வந்திருந்தான். நோன்பு திறக்கிற நேரம் பார்த்து இரண்டு பேரும் ஹனீஃபின் அத்தா கடைக்கே போய் நின்றோம். ஹனீஃப் கொஞ்சம் சதை போட்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் துணியை மடிப்பதுபோல் குனிந்துகொண்டான். பிறகு என் கையிலிருந்த டிஃபினைப் பார்த்தான்.

"மங்களம் ஆண்ட்டி வடையா?"

"அம்மாதான் குடுத்து விட்டாங்க. நீ சாப்பிட வேணாம் மச்சான்."

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம், தண்ணீர், அப்புறம் ஒரு வடை எடுத்தான். "அன்னிக்கு ஒருத்தன்கிட்டயாச்சும் வேணாம்னு சொல்லிருக்கணும்," என்றான்.

"நாங்க ஒருத்தனாச்சும் கைய மடக்கிட்டு உக்காந்திருக்கணும்," என்றான் கோகுல். "டீம் உன்னால போகலடா."

நான் பையிலிருந்து கையுறையை எடுத்து மேசையில் வைத்தேன். அன்றைக்கு அவன் கம்பத்தடியில் விட்டுப்போனது. ஹனீஃப் அதை எடுத்துக் கையில் மாட்டிப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

"திடல் இருக்கா இன்னும்?"

"இருக்கு. புல்லு முட்டி வரைக்கும் நிக்குது."

"பெருநாள் கழிச்சு வரேன். வெறும் வயித்துல வரேன். நீங்களும் வெறுங்கையோட வாங்க."

வீட்டுக்கு வந்து, ஹனீஃப் மறுபடியும் கோலில் நிற்கப்போகிறான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

"அப்போ பருப்பு கொஞ்சம் கூடவே ஊறப் போடவா?" என்று கேட்டார்.

"போடுங்கம்மா," என்றேன். "ஆனா ஆட்டம் முடியிற வரைக்கும் டிஃபின் மூடிய தொறக்காதீங்க."