வோட்டானின் தாடி

ரெனாட்டே கணவரின் தாடையைத் தூக்கித் துணியால் கட்டினாள். துணி மறுபடியும் வழுக்கியது. நெஞ்சுவரை புரண்ட வெள்ளைத் தாடிதான் காரணம்.

"விடும்மா, அடக்கம் பண்றவங்க வந்து பாத்துக்குவாங்க" என்றாள் மகள் அன்கே.

அழைப்பு மணி அடித்தது. சுற்றுலா அலுவலகத் தலைவர் லூட்கே நின்றிருந்தார். ஒரு கையில் பூச்செண்டு, மறுகையில் ஈட்டி.

"ஊரே அழுவுது ரெனாட்டே. நம்ம வோட்டான் போயிட்டாரு."

"எம் புருஷன் பேரு ஹோல்கர்."

இரும்பாலை மூடி வேலை போன பிறகு, சுற்றுலாப் பயணிகளுக்காக வேஷம் கட்டிய ஹோல்கர்தான் ஜெர்மனியின் இந்த ஹார்ட்ஸ் மலையூரில் பழங்கால ஒற்றைக்கண் தெய்வம் வோட்டான். கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, அகலத் தொப்பி, நீலப் போர்வை, கையில் ஈட்டி, தோளில் இரண்டு அண்டங்காக்கைகள். பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் தாடியை இழுத்துப் பார்த்து, நிஜம்தான் என்று தெரிந்ததும் கைதட்டுவார்கள். "வேலை தாடிக்குத்தான். நான் அதத் தூக்கிட்டுப் போற ஆளு" என்று வீட்டில் வந்து சிரிப்பார்.

லூட்கே குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு சூனியக்காரி விழா. நாளைக்கு மண்டபத்துல அவர வேஷத்தோட படுக்க வெச்சா ஜனங்க வரிசைல வந்து பாப்பாங்க. அனுமதி நான் வாங்கிடறேன். பாடம் பண்ணின அண்டங்காக்கா ரெண்டும் தோள்கிட்ட..."

"அப்பாவுக்கு அந்த வேஷம் பிடிச்சுத்தானேம்மா இருந்தது?" என்றாள் அன்கே மெதுவாக.

ரெனாட்டே கட்டில் பக்கம் திரும்பினாள். தலையணை அருகே மூச்சு இயந்திரத்தின் முகமூடி கிடந்தது. தாடிமேல் அது படியவே இல்லை. ஓரமெல்லாம் காற்று சீறும். மழித்துவிடுங்கள் என்று டாக்டர் பனிக்காலத்திலேயே சொல்லியிருந்தார்.

"நீங்கதானே சொன்னீங்க, போஸ்டர் அடிச்சாச்சு, விழா முடியறவரைக்கும் தாடில கை வெக்காதேன்னு?" என்றாள் லூட்கேயிடம்.

"அவரும் சரின்னாரே..."

"அவரு யாருக்கு இல்லேன்னு சொன்னாரு? ராத்திரி பூரா இந்த முகமூடிய அமுக்கிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தவ நானு. நீ போஸ்டர் அடிச்ச!"

லூட்கே ஈட்டியைச் சுவரில் சாய்த்தார். "நான் அப்புறமா வரட்டுமா?"

"வா. தயாரா வெக்கிறேன்."

அவர் போனதும் கத்தரிக்கோலும் சவரக்கத்தியும் வெந்நீரும் கேட்டாள். அன்கே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். போய்க் கொண்டுவந்தாள்.

தாடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அன்கே அதை ஒரு பையில் அள்ளிப் போட்டாள். முகத்தின் மேற்பாதி வெயிலில் சிவந்திருக்க, கீழ்ப்பாதி பச்சைக்குழந்தைபோல் வெளுத்து வெளிவந்தது. தாடையில் ஒரு சிறு குழி. அன்கேயின் விரல் தன்னையறியாமல் தன் தாடைக்குப் போனது. அங்கேயும் அதே குழி.

லூட்கே இரண்டு காக்கைகளையும் அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "இது... யாரு?"

"ஹோல்கர்" என்றாள் ரெனாட்டே. "உன் வோட்டான் அந்தப் பையில இருக்காரு. எடுத்துட்டுப் போ."

பையைத் தொடாமல், ஈட்டியையும் மறந்து, அவர் படியிறங்கினார்.

ரெனாட்டே கட்டிலோரம் உட்கார்ந்தாள். முகமூடியைத் துடைத்து, கணவரின் முகத்தில் வைத்துப் பார்த்தாள்.

எங்கும் இடைவெளி இல்லாமல் படிந்தது.